ஏ -90-ல் எதிரெதிர் முகங்களுக்கு 0.06 வித்தியாசம்: தனி ஆஃப்செட் வைத்து ஓட்டலாமா?

கேள்வி:

வணக்கம். எங்களிடம் இருப்பது டிரன்னியன் வகை ஐந்து அச்சு மில்லிங் மெஷின். ஏ அச்சு சாயும், அதன்மேல் சி டேபிள் சுற்றும். கண்ட்ரோல் ஃபானுக். ஜாப் ஒரு அலுமினிய ஹவுசிங். மேல் முகத்தையும் நடுத் துளையையும் ஏ0 சி0-வில் முடித்துவிட்டு, ஏ -90-க்குச் சாய்த்து சி0, சி180 இரண்டிலும் பக்க முகங்களை அடிக்கிறோம். எல்லாம் ஜி68.2 (சாய்ந்த தளத்தையே புரோகிராமின் தளமாக எடுக்கும் கட்டளை) வைத்து 3+2 முறைதான், அதாவது ஏ, சி இரண்டையும் ஒரு கோணத்தில் நிறுத்திவிட்டு மற்ற மூன்று அச்சுகளால் வெட்டுவது. ஐந்து அச்சும் சேர்ந்து ஓடும் வேலை இதில் இல்லை.

இரண்டு பக்க முகங்களுக்கும் நடுவே 120.00 மி.மீ. வர வேண்டும், 120.06 வருகிறது. சில வாரங்களுக்கு முன் ஒரு டிரில் ஹோல்டர் ஃபிக்ஸ்சரில் இடித்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் பிரச்சினை. ஷிஃப்டில் இருப்பவர்கள் சி180-க்கு மட்டும் ஜி55 என்ற தனி ஆஃப்செட் (ஜாபின் பூஜ்யப் புள்ளியைக் குறிக்கும் எண்கள்) வைத்து, இசட்டை 0.06 இறக்கி ஓட்டுகிறார்கள். அளவு வந்துவிடுகிறது. ஆனால் சி90-ல் முகம் வரும் இன்னொரு ஜாபுக்கு இதே 0.06 பொருந்தவில்லை. காலையில் முதல் ஜாபுக்கும் மதிய ஜாபுக்கும்கூடக் கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது. இப்படியே ஓட்டலாமா, இல்லை பால் ஸ்க்ரூ போய்விட்டதா?

பதில் 1:

மெஷினைத் தொடும் முன் புரோகிராமைத் திறந்து, ஜி68.2 வரியும் அதன் பின்னால் டூலை அந்தத் தளத்துக்குச் செங்குத்தாக நிறுத்தும் ஜி53.1-ம் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். சில போஸ்ட் பிராசசர்கள் (கேம் மென்பொருளின் பாதையை மெஷின் புரோகிராமாக மாற்றுபவை) ஏ, சி அச்சுகளின் சுழல் மையத்தைத் தாங்களே கணக்கிட்டு எக்ஸ், ஒய், இசட் எண்களாக எழுதிவிடும். அப்படி வந்த புரோகிராம் என்றால் கண்ட்ரோலில் மையத்தைத் திருத்தியும் பயனில்லை, போஸ்டில் உள்ள மதிப்பைத்தான் மாற்ற வேண்டும்.

பதில் 2:

மெயின்டனன்ஸ் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஜி55 வைத்து ஓட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த 0.06 உங்களுக்கு ஒரு முக்கியமான தகவல். அதை ஆஃப்செட்டில் போட்டு மூடிவிட்டால் எங்கே தப்பு என்பதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

ஆஃப்செட் எதுவும் இல்லாமல் ஒரு ஜாபை ஓட்டுங்கள். நன்றாக ஆறவிட்டு, நடுத் துளையிலிருந்து இரண்டு முகங்களுக்கும் உள்ள தூரத்தைத் தனித்தனியாக அளந்து பாருங்கள். 120.06 என்ற மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. சி0 முகம் சரியாக 60.00, சி180 முகம் மட்டும் 60.06 என்றால் சி அச்சின் மையம் ஒய் திசையில் 0.03 தள்ளியிருக்கிறது. காரணம் எளிது. டேட்டம் (அளவுகளுக்கான பூஜ்யப் புள்ளி) எடுத்தது சி0-வில், அங்கே சி சுற்றவே இல்லை, அதனால் தவறு வெளியே தெரியாது. 180 சுற்றியதும் மையத் தவறு இரண்டு மடங்காக வந்து நிற்கும். 90-ல் அதே தவறு ஒய்யில் ஒரு மடங்கு, எக்ஸில் ஒரு மடங்கு எனப் பிரிந்து விழும். உங்கள் 0.06 சி90 ஜாபுக்குப் பொருந்தாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இரண்டு முகமும் 60.03 என்று சமமாக வந்தால் சி-யைச் சந்தேகப்பட வேண்டாம். ஏ அச்சின் மையமோ, டூல் நீளமோதான். பிரித்துப் பார்க்க, அதே டூலால் ஏ0-வில் ஒரு முகம் அடியுங்கள். அதிலும் 0.03 வித்தியாசம் வந்தால் டூல் நீளம். ஏ0-வில் சரி, சாய்த்தால் மட்டும் தப்பு என்றால் ஏ மையம்.

மூன்றாவதாக ஒன்று. முகத்தின் மேல் ஓரத்தில் ஒரு தடிமன், கீழ் ஓரத்தில் வேறு தடிமன் என்று சாய்வாக வந்தால் ஏ-யின் பூஜ்யமே நகர்ந்திருக்கிறது. 0.01 டிகிரி என்பது 200 மி.மீ. நீளத்தில் 35 மைக்ரான். மோதலுக்குப் பிறகு இதைப் பார்க்காமல் விடவே கூடாது. ஸ்பிண்டிலில் டயல் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) மாட்டி, ஏ0-வில் டேபிள் மேல் ஒய் திசையில் ஓட்டினாலே தெரிந்துவிடும். அப்படியே டயலைக் கையால் சுற்றி, ஸ்பிண்டில் டேபிளுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நேர் அச்சுகளும் ஸ்பிண்டிலும் கோணலாக இருக்கும்போது சுழல் மையத்தைத் திருத்தினால், இல்லாத தவறுக்கு எண் போட்டதாக ஆகும்.

மையத்தை அளக்க, டேபிளில் நடுவிலிருந்து தள்ளி ஒரு மாஸ்டர் பாலை (துல்லியமான உருண்டை) இறுக்கி, தொட்டு அளக்கும் புரோபால் அதன் மையத்தை எடுங்கள். ஜி68.2 எதுவும் இல்லாமல், மெஷின் கோஆர்டினேட்டில். ஏ0-வில் வைத்து சி0, சி180 இரண்டிலும் எடுத்தால் அவற்றின் நடுப்புள்ளிதான் சி மையம். ஏ-க்கு 0, -45, -90 என்று மூன்று நிலைகளில் பாலை எடுங்கள். மூன்று புள்ளிகள் வழியாகப் போகும் வட்டத்தின் மையம்தான் ஏ மையம். அதற்கு முன் புரோப் முனையான ஸ்டைலஸ் சுற்றும்போது தள்ளாடுகிறதா (ரன்அவுட்) என்று சரிபார்த்து, அளவு தெரிந்த வளையமான ரிங் கேஜில் கேலிபிரேட் செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் புரோபின் தவறு மையத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

டேபிளின் நடுத் துளையை டயலால் சுற்றி அதையே மையமாக எடுப்பவர்கள் உண்டு. முதலில் டயலை நிறுத்திவைத்து சி-யைச் சுற்றி, அந்தத் துளையே சுற்றும்போது தள்ளாடுகிறதா என்று பார்க்காமல் அதை நம்ப வேண்டாம்.

ஃபானுக்கில் 19700 முதல் 19702 வரையுள்ள பாராமீட்டர்கள் (கண்ட்ரோலில் சேமித்த மெஷின் மதிப்புகள்) ஏ அச்சின் இருப்பிடம். 19703 முதல் 19705 வரை ஏ-க்கும் சி-க்கும் இடையே உள்ள தூரம். சி ஒய்யில் தள்ளியிருந்தால் 19704. பழைய மதிப்பைத் தாளில் எழுதி மெஷின் கதவில் ஒட்டிவிட்டு மாற்றுங்கள். பிளஸ் மைனஸ் குழப்பம் எல்லோருக்கும் வரும். மாற்றியதும் பாலை மறுபடி ஜி68.2-வோடு அளந்தால், தவறு காணாமல் போயிருக்க வேண்டும். இரண்டு மடங்கானால் குறி தலைகீழ்.

காலை, மதிய வித்தியாசம் சூட்டினால் வருவது. அரை மீட்டர் வார்ப்பிரும்பு 4 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 20 மைக்ரான் நீளும். வார்ம் அப் ஓட்டும்போது ஸ்பிண்டிலை மட்டும் சுற்றவிடாமல் ஏ, சி இரண்டையும் ஆட்டுங்கள். மையம் அளப்பதும் அந்தச் சூட்டில்தான், ஆறிய மெஷினில் வேண்டாம்.

பதில் 3:

மேலே சொன்னதோடு, அச்சை நகராமல் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பையும் பாருங்கள். டேபிள் ஓரத்தில் டயல் முனையை வைத்துவிட்டு ஏ கிளாம்பைப் போட்டு எடுத்துப் பாருங்கள். முள் ஆடக் கூடாது. வார்ம் கியரால் (திருகு வடிவப் பல்லிணை) சுற்றும் டேபிள் என்றால் அதே கோணத்துக்குப் பிளஸ் பக்கமிருந்து ஒரு தடவை, மைனஸ் பக்கமிருந்து ஒரு தடவை வந்து நிறுத்துங்கள். இரண்டு ரீடிங்கும் ஒத்துவராவிட்டால் பேக்லாஷ் (பற்களுக்கு இடையே தளர்வு) இருக்கிறது. மோதலில் வார்ம் அடிபட்டிருந்தால் மையம் எத்தனை முறை அளந்தாலும் ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும்.

கேள்வி கேட்டவர்:

நன்றி. ஜி68.2, ஜி53.1 இரண்டும் புரோகிராமில் இருக்கின்றன. ஆஃப்செட் இல்லாமல் ஓட்டி அளந்தேன். சி0 முகம் 60.00, சி180 முகம் 60.06. மேல், கீழ் ஓரங்களில் வித்தியாசம் இல்லை. கிளாம்பில் முள் ஆடவில்லை. பாலில் எடுத்தபோதும் சி மையம் ஒய்யில் 0.029 தள்ளித்தான் இருக்கிறது. எக்ஸிலும் ஏ-யிலும் சொல்லும்படி ஒன்றும் இல்லை. நாளை வார்ம் அப் முடித்து 19704-ஐ மாற்றப் போகிறேன்.

பதில் 2:

அருமை. அந்த 0.029-ஐ அப்படியே போட வேண்டாம். நாளை சூடான மெஷினில் மறுபடி அளந்து அந்த எண்ணைப் போடுங்கள். மாற்றிய உடனே ஜி55-ல் இருக்கும் 0.06-ஐ அழித்துவிடுங்கள். வேறு ஜாப்களுக்கு யாராவது இதேபோல் திருத்தம் வைத்திருந்தால் அவற்றையும் தேடி எடுங்கள், ஷிஃப்ட் மாறும்போது எல்லோரிடமும் சொல்லுங்கள். மையம் சரியான பிறகும் அந்தத் திருத்தம் கிடந்தால் அடுத்த ஹவுசிங் 119.94-ல் வரும், மெலிந்துபோன முகத்துக்குத் திரும்ப மெட்டல் ஏற்ற முடியாது. முதல் ஜாபில் சி180 முகத்துக்கு மட்டும் 0.2 விட்டு ஒரு கட் எடுத்து, துளையிலிருந்து அளந்த பிறகு ஃபினிஷ் கட் போடுங்கள்.