போதகரைக் கேள்வி கேட்டால் என்ன நடக்கிறது? வன்னிச் சபைகளில் கண்டவை

வவுனியா, போதகர் பயிற்சி

எழுப்புதல் கூட்டம் முடிந்து மூன்றாம் கிழமை மூப்பர் கூட்டத்தைப் போய்ப் பாருங்கள். மேடைக்கு முன்னால் முழங்காலில் நின்று அழுத அதே ஆக்கள், ஒலிபெருக்கி அறைத் திறப்பு யாரிடம் இருப்பது என்று பிடுங்குப்படுவார்கள். வன்னியில் இதைக் காணாதவர் இல்லை. கண்டதை ஊர், பெயர் இல்லாமல் இங்கே எழுதுவோம். ஆனால் விபரமாக எழுதுவோம். என் பங்குக்கு ஒரு விஷயம்.

சுவிசேஷம் இரட்சிக்கப்படாதவருக்கு, ஒழுங்குவிதி ஊழியக்காரருக்கு என்று நாங்கள் பிரித்து வைத்திருக்கிறோம். கலாத்தியர் 2 அந்தப் பிரிவை ஏற்கவில்லை. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, ஒன்றாகச் சாப்பிட்ட பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடத்திலிருந்து யூத ஆக்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பர்னபாவும் இழுபட்டுப் போனார். பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாகக் கேட்டார். பவுல் கண்ட குற்றம் பந்தி ஒழுங்கு அல்ல; சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்ற நடை அது இல்லை என்பதே (14ஆம் வசனம்). கிறிஸ்து ஏற்றுக்கொண்டது போதாது, இன்ன கூட்டத்தாரும் என்னை மதிக்க வேண்டும் என்று ஓர் அப்போஸ்தலனே நடந்துகொண்டார்.

வன்னியில் அந்த மேலதிக மதிப்பு எங்கிருந்து வருகிறது? பல இடங்களில் ஒரே பதில்தான்: "2009இல் சனத்தை விட்டிட்டு ஓடாமல் நின்றனான்." அது உண்மை, பெரிய காரியம். சபை அதை மறந்தால் நன்றிகெட்ட சபை. ஆனால் கணக்கைக் கேட்கிற நேரம் பதிலாகப் போர்க்காலத்துப் பங்கர் கதை வருமென்றால், அந்த மனுஷன் தான் செய்த தியாகத்தின் மேல் நிற்கிறார், கிறிஸ்துவின் மேல் அல்ல. அப்படி நிற்பவரைத் திருத்த முடியாது. ஒரு சின்னப் பிழையைச் சொன்னாலும் அவர் காலுக்குக் கீழே இருக்கிற நிலத்தையே பிடுங்குகிற மாதிரி இருக்கும்.

அடுத்து வருகிற கேடயம் சங்கீதம் 105:15. அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே என்று. அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசித்தால், அது சபை மக்களுக்குச் சொன்னதல்ல, ராஜாக்களுக்குச் சொன்னது. நாடோடிகளாகத் திரிந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தின் பாதுகாப்புக்காகச் சொன்னது. அபிஷேகம் பெற்ற ராஜா சவுல் மேல் கைபோடாத தாவீதும், 3000 பேரோடு தன்னைத் தேடி வந்த அதே சவுலைக் கூப்பிட்டு, வெட்டின சால்வைத் தொங்கலைக் காட்டிக் கேள்வி கேட்டார் (1 சாமுவேல் 24). தொடாமல் இருப்பது வேறு, கேளாமல் இருப்பது வேறு. மூப்பரைப் பற்றிய முறைப்பாட்டுக்கு வேதமே வழி வைத்திருக்கிறது: இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் ஏற்காதே, நிரூபணமானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் (1 தீமோத்தேயு 5:19-20). முதல் பாதியை மட்டும் பாடமாக்கி வைத்திருக்கிற சபைகள் கனக்க.

கிளிநொச்சி, சபைப் பொருளாளர்

ஐயா சொன்ன மாதிரிக் கேள்வி கேட்டா வாற கோபம் முதல் முதல் வெளிய வாற இடம் கணக்குக் கொப்பிதான். அதைப் பற்றி நான் எழுதிறன்.

காணிக்கைப் பை ஆலயத்தை விட்டு வெளிய போக முதல் எண்ணி முடிக்கோணும். எண்ணுறது இரண்டு பேர், ஒரே குடும்பம் இல்லாத ஆக்கள். போதகரும் அவற்ற மனுசியும் அந்த மேசையில இருக்கத் தேவையில்லை. 5000, 1000, 500, 100, 50, 20 எண்டு தாள் வாரியா எத்தினை, குத்தி எவ்வளவு எண்டு காபன் வைச்சு இரண்டு பிரதி எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைக்கிறது. ஒண்டு பொருளாளருக்கு, மற்றது செயலாளருக்கு. இரண்டும் ஒரே ஆளின்ர பையில கிடந்தா காபன் வைச்சதில பிரயோசனமில்லை. திங்கட்கிழமை வங்கியில போடோணும்.

எங்க பிழைக்கும் எண்டா, பையிலயிருந்தே சவுண்ட் வாடகை, தேத்தண்ணிச் செலவு குடுத்திட்டு மிச்சத்தை மட்டும் எழுதேக்க. 18,400 வந்து 3,400 செலவழிஞ்சா கொப்பியில 15,000 எண்டு நிக்கும். ஒருத்தரும் களவெடுக்கேல்லை. ஆனா வருசக் கடைசியில வரவும் தெரியாது, செலவும் தெரியாது, சந்தேகம் மட்டும் தெரியும். வந்தது முழுக்க வரவில. செலவு தனிய, பற்றுச்சீட்டோட.

நெல்லுக் காணிக்கை இன்னும் சிக்கல். பெரும்போக வெட்டு முடிய மூட்டை மூட்டையா வரும். மூட்டைக் கணக்கில எழுதாதேங்கோ, கிலோவில எழுதுங்கோ; எல்லா மூட்டையும் ஒரு நிறை இல்லை. வாங்கேக்க ஒருக்கா நிறுத்து, விக்கேக்க இன்னொருக்கா நிறுக்கோணும். 20 வீத ஈரப்பதத்தோட வந்த 100 கிலோ, 14 வீதத்துக்குக் காய்ஞ்சா கிட்டத்தட்ட 93 கிலோதான். அந்த ஏழு கிலோவைக் "காய்வு" எண்டு தனி வரியில எழுதாட்டி, களஞ்சியத்தைப் பார்த்த ஏழை மனுசன்தான் களவன். இப்பிடிப் பேர் கெட்டு ஆலயத்துக்கு வாறதை நிப்பாட்டின ஆக்கள் இருக்கினம்.

வெளிநாட்டுக் காசு போதகற்ற சொந்தக் கணக்குக்கு வாறதுதான் ஆகப் பெரிய வருத்தம். சபை பேரில கணக்குத் திறந்து, மூண்டு பேரில எவரேனும் இரண்டு பேர் கையெழுத்து வைக்க ஏற்பாடு செய்யோணும். மூண்டு பேரும் மூண்டு வீடு. காசு அனுப்பினவருக்குப் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில போட்டு, தொகையையும் நோக்கத்தையும் அடுத்த ஞாயிறு அறிவித்தலில வாசிக்கிறது. எருசலேம் ஏழைகளின்ர காசைக் கொண்டு போகேக்க பவுல்கூடத் தனியப் போகேல்லை. சபைகள் தெரிவு செய்த ஒரு சகோதரனையும் கூட்டிக்கொண்டுதான் வெளிக்கிட்டவர், ஒருத்தரும் குறை சொல்லக் கூடாதெண்டு (2 கொரிந்தியர் 8:19-21). பவுலுக்கு இல்லாத வெக்கம் எங்களுக்கு எதுக்கு?

மல்லாவி, பெண்கள் ஐக்கியம்

பொருளாளர் தம்பி காசைச் சொன்னார். நான் பெயர்ப்பட்டியலைச் சொல்கிறேன். உலருணவுப் பொதி, வீட்டுத்திட்டம், பாடசாலைக் கொப்பி எதுவாக இருந்தாலும் சபை உடைவது பட்டியலில்தான்.

அப்போஸ்தலர் 6ஐ எல்லாரும் உதவிக்காரர் தெரிவுக்கு வாசிக்கிறார்கள். தெரிவானவர்களின் பெயர்களைக் கவனிக்கிறவர் குறைவு. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். கடைசி ஆள் யூதராகப் பிறந்தவர்கூட இல்லை. முறுமுறுத்தது, அன்றாடப் பந்தியில் விடுபட்ட கிரேக்கப் பேச்சுக்காரரின் விதவைகளுக்காக. பந்தியைப் பொறுப்பெடுக்க வந்தவர்களும் அந்தப் பக்கத்து ஆக்கள்தான் போலிருக்கிறது. குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே அகப்பையைக் கொடுத்த சபை அது.

எங்கள் பக்கம் யாரிடம் அகப்பை இருக்கிறது? 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பாயில் இருக்கிறார்கள், பாடகர் குழுவில் இருக்கிறார்கள். ஆலோசனைச் சபைத் தெரிவில் மட்டும் அவர்கள் பெயரை ஒருவரும் முன்மொழிவதில்லை. சாதியும் அப்படித்தான், கர்த்தருடைய பந்தியில் ஒரே கிண்ணம், செத்த வீட்டில் வேறு கோப்பை. பேதுரு செய்ததும் இதுதான், வேறொன்றுமில்லை.

பட்டியல் போடும்போது, போன முறை கிடைக்காத வீட்டிலிருந்து ஒருவரைக் குழுவில் சேருங்கள். பொதி வருவதற்கு ஒரு ஞாயிறு முன்னமே பட்டியலை வாசித்து, சுவரில் ஒட்டுங்கள். போதகர், மூப்பர் வீட்டுச் சொந்தங்கள் இருந்தால் அவர்களைக் கடைசியில், உறவுமுறையைப் போட்டே எழுதுங்கள். மாற்றம் செய்தால் வெட்டிய பெயரும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். புதுத் தாளில் வடிவாகத் திருப்பி எழுதிக்கொண்டு வரக் கூடாது.

இன்னொன்று, இதைச் சொல்லத்தான் வந்தேன். வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தால் உடனே ஒரு தாயை எழுப்பி, பிள்ளையைப் பறிகொடுத்த கதையைச் சாட்சியாகச் சொல்லச் சொல்வது. நிறுத்துங்கள். விருப்பமா என்று தனியாக, முதல் நாளே, ஒரு பெண்ணைக் கொண்டு கேட்க வேண்டும். மாட்டேன் என்றால் உதவியில் ஒரு சதமும் குறையாது என்றும் சொல்ல வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மாரில் எங்கள் சபைகளின் பெண்களும் உண்டு. அவர்களிடம் "மன்னித்து மறந்துவிடுங்கோ" என்று பிரசங்கிக்க அவசரப்படுகிற போதகர், மத்தேயு 2:18ஐ வாசித்துவிட்டுப் பேசட்டும். தன் பிள்ளைகளுக்காக அழுகிற ராகேல் ஆறுதலடையாமல் இருக்கிறாள் என்று எழுதிய சுவிசேஷகன் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அழுகையை அப்படியே புத்தகத்தில் விட்டுவிட்டான்.

மாந்தை மேற்கு, பங்கு அருட்பணிச் சபை

நாங்கள் கத்தோலிக்கர், ஆனாலும் நோய் ஒன்றுதான். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 537ஆம் இலக்கப்படி ஒவ்வொரு பங்குக்கும் நிதிக்குழு இருக்கவே வேண்டும். சட்டம் இருக்கிறது, திருவிழாவுக்கு முதல் மாதம் மட்டும் கூடினால் அது வெடி, பந்தல் செலவுக்குக் கூடுகிற குழு. மூன்று மாதத்துக்கு ஒருக்கா, திருவிழா இல்லாத காலத்திலும் கூட வேண்டும்.

பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி ஒரு சொல். களவெடுத்ததை அறிக்கையிட்டால் மட்டும் போதாது, திருப்பிக் கொடுக்க வேண்டும். எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. 50,000 எடுத்தவர் 60,000 கொடுக்க வேண்டும். வரி வசூலித்த சக்கேயு நான்கு மடங்கு திருப்பித் தருவேன் என்றார்; அது சந்தோசத்தில் சொன்னது, ஆண்டவர் கேட்டு வாங்கவில்லை. இயேசு அவன் வீட்டுக்குள் போன பிறகுதான் அந்த வாக்கு வருகிறது, அதற்கு முதல் இல்லை. இந்த வரிசையை மாற்றினால் மனந்திரும்புதல் தண்டப்பணம் ஆகிவிடும்.

வவுனியா, போதகர் பயிற்சி

அண்ணை சொன்ன வரிசை முக்கியம். அதைப் பிடித்துக்கொண்டு, தலைவர் எப்படிப் பாவ அறிக்கை செய்வது என்று எழுதுகிறேன். அதிகம் பிழைப்பது இங்கேதான்.

"என்னால் யாருக்காவது மனவருத்தம் ஏற்பட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்." இது அறிக்கை இல்லை. செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும்: "கட்டட நிதியிலிருந்து மகளின் கலியாணத்துக்குக் கேளாமல் எடுத்தேன்." அதோடு முற்றுப்புள்ளி. "ஆனால்" என்று தொடங்குகிற அடுத்த வசனம் முதல் வசனத்தை அழித்துவிடும். எவ்வளவு, எப்போது திருப்பித் தருவேன், அதுவரை காசோலையில் யார் கையெழுத்து என்று திகதியோடு சொல்ல வேண்டும். அந்த இடத்திலேயே "மன்னிச்சிட்டம் எண்டு சொல்லுங்கோ" என்று சபையை நெருக்கக் கூடாது. மன்னிப்பு அவர்கள் கொடுக்கிறது, இவர் பிடுங்குகிறது அல்ல. பாவம் எவ்வளவு தூரம் தெரிந்ததோ அறிக்கையும் அவ்வளவு தூரம் போக வேண்டும்: மனைவியோடு கத்தியதை மேடையில் சொல்வது நாடகம், சபைக் காசை எடுத்ததை அறைக்குள் மட்டும் சொல்வது ஒளிப்பு.

உண்மையா என்று உடனே கண்டுபிடிக்க முடியாது. கண்ணீர் அளவுகோல் இல்லை. 2 கொரிந்தியர் 7:11இல் தேவனுக்கேற்ற துக்கம் தந்த கனிகள் ஏழு வரிசையாக வருகின்றன. அதில் ஜாக்கிரதை இருக்கிறது, நீதியான தண்டனைகூட இருக்கிறது, அழுகை இல்லை. ஒதுக்கி வைத்த காலத்தில் பின் பாயில் இருந்து மற்றவரின் பிரசங்கத்தைக் கேட்கிறாரா, அல்லது மூன்றாம் மாதமே பக்கத்துக் கிராமத்தில் புதுப் பெயர்ப்பலகை தொங்குகிறதா என்று பாருங்கள்.

ஒரு விலக்கு. பிள்ளைகள் மேல் கைவைத்த விஷயம் மத்தேயு 18இன் "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்ற படிக்கு உரியது இல்லை. மூப்பர் கூட்டம் விசாரிக்கக் கூடாது, சமாதானம் பேசக் கூடாது. பொலிஸ், அல்லது 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கம், அன்றைக்கே. மனந்திரும்பினாலும் அவர் மறுபடி ஓய்வுநாள் பாடசாலைப் பக்கம் இல்லை.

ஒட்டுசுட்டான், சிறிய சபை

மூப்பர், பொருளாளர், செயலாளர் எல்லாம் பெரிய சபைகளுக்குச் சரி. இருபத்தைந்து பேர், அதில் பாதி சின்னப்பிள்ளைகள், மிச்சத்தில் பாதி போதகரின் சொந்தக்காரர் என்றால் என்ன செய்வது?

வவுனியா, போதகர் பயிற்சி

சகோதரம், பக்கத்தில் இருக்கிற இரண்டு போதகர்களோடு சேருங்கள். வேறு சபைப்பிரிவாக இருந்தால் இன்னும் நல்லது, பதவி உயர்வுக்குப் பயம் இருக்காது. பதினைந்து நாளுக்கு ஒருக்கா, ஒருவர் வீட்டு விறாந்தையில், போன் அடுத்த அறையில். கேட்க வேண்டியவை: இந்த இரண்டு கிழமையில் யாருக்குப் பயந்து உண்மையை மாற்றிச் சொன்னீர்? எந்தக் காசு ஒருவருக்கும் தெரியாமல் கையில் இருக்கிறது? வீட்டில் கடைசியாக எப்போது மன்னிப்புக் கேட்டீர்? பிரசங்கத்துக்கு இல்லாமல் உமக்காக வாசித்த பகுதி எது? பதிலைக் கேட்டு ஆலோசனை சொல்லத் தொடங்காமல், முதலில் 1 யோவான் 1:9ஐ, பாவத்தை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்ற வசனத்தை, அவர் பெயரைச் சொல்லி வாசியுங்கள். ஆலோசனைக்குப் பிறகு நேரம் இருக்கும். வருசத்துக்கு ஒருக்கா ஒருவரின் சபைக் கணக்கை மற்றவரின் பொருளாளர் பார்க்கலாம். 25 பேர் சபைக்கு ஒரு பின்னேரம் போதும்.

கிளிநொச்சி, சபைப் பொருளாளர்

அறுப்பின் பண்டிகை வருகுது, அதால ஏலக்காசைப் பற்றியும் ஒண்டு. உற்சாகத்தில தேங்காயை 5,000க்குக் கேட்டிட்டுக் குடுக்க ஏலாமல் நிக்கிற ஆக்களின்ர பேரை அடுத்த ஞாயிறு மைக்கில வாசிக்கிற பழக்கம் சில இடத்தில இருக்கு. அப்பிடி வாசிச்சா அந்தக் குடும்பம் நத்தார் வரைக்கும் ஆலயப் பக்கம் வராது. ஏலம் தொடங்க முதலே அறிவியுங்கோ: நெல் வித்த பிறகு மாசக் கடைசிக்குள்ள குடுக்கலாம், ஏலாட்டிப் பொருளாளரிட்டத் தனியச் சொன்னாக் காணும், கொப்பியில "தள்ளுபடி" எண்டு போட்டு மூப்பர் இரண்டு பேர் கையெழுத்து வைப்பினம். பேர் மைக்குக்குப் போகாது.