கொடைக்கானலில் கோடைப் பயிற்சி, திண்டுக்கல்லில் மேட்ச்: பள்ளி ஃபுட்பால் டீமை எப்படித் தயார் செய்வது?

மேல்மலை பி.டி. ஆசிரியர் (கேள்வி)

வணக்கம். கொடைக்கானல் பள்ளி டீம், 14 முதல் 17 வயது வரை 22 பையன்கள். மே கடைசியில் ஆரம்பித்தால் ஐந்து வாரம் கிடைக்கும். ஜூலை முதல் வாரம் திண்டுக்கல்லில் மேட்ச். பாதிப் பேர் பூம்பாறை, மன்னவனூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள், பொழுது சாய்ந்த பிறகு நிறுத்தி வைக்க வழியில்லை. கிரவுண்டு 70 மீட்டர் நீளம்தான், ஒரு பக்கம் சரிவு. முதல் இரண்டு வாரம் ஏரியைச் சுற்றி ஓட விட்டு, அப்புறம்தான் பந்தைத் தொட விடுவது இங்கே வழக்கம். அப்படியும் கீழே போனால் இரண்டாம் பாதியில் பையன்கள் துவண்டுவிடுகிறார்கள். ஓட்டம் போதவில்லையா? தினம் இரண்டு வேளை வைக்கலாமா?

ஊட்டி கோச்

ஓட்டத்தில் குறை இருக்காது சார். 2,100 மீட்டர் உயரத்தில் வளர்ந்த பையனுக்குக் கீழே மூச்சு இங்கேயைவிடச் சுலபமாகவே கிடைக்கும். அடிப்பது வெயில். கொடையில் மே மாதத்திலேயே பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், திண்டுக்கல்லில் 35. சூட்டுக்குப் பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கும், நிறைய வியர்க்கும், வியர்வையில் உப்பை அதிகம் விடாது. அந்தப் பழக்கம் வர 10 முதல் 14 நாள் சூட்டில் ஆட வேண்டும். குளிரில் எத்தனை சுற்று ஓடினாலும் அது வராது.

அதனால் ஏரிச் சுற்றை விட்டுவிடுங்கள். ஐந்து கிலோமீட்டர் தார் ரோடு, சீசன் நேரத்தில் சைக்கிளும் குதிரையும் வேறு. அந்த முக்கால் மணி நேரத்தைப் பந்தோடு செலவழித்தால் மூச்சும் கிடைக்கும், ஆட்டமும் கிடைக்கும். 30க்கு 20 மீட்டர் கட்டம் போட்டு, பக்கத்துக்கு நாலு பேராக நாலுக்கு நாலு ஆட்டம்: 4 நிமிடம் ஆட்டம், 2 நிமிடம் ஓய்வு, நாலு முறை. உங்கள் கிரவுண்டுக்கு இதுதான் பொருத்தம். கட்டத்தைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பக்கம் மாற்றுங்கள். சரிவில் இறங்கும் திசையில் ஸ்பிரிண்ட் வேண்டாம், பின்தொடைச் சதை பிடித்துக்கொள்ளலாம். 30 மீட்டர் ஸ்பிரிண்ட் வைத்தால் கீழே 30 வினாடி ஓய்வு தரும் இடத்தில் இங்கே 45 கொடுங்கள். மூச்சு அடங்குமுன் அடுத்ததை ஓட விட்டால் அது வெறும் மெதுவோட்டமாகிவிடும்.

முதல் வாரம் ஒரு வேளை, 75 நிமிடம், ஐந்து நாள். அடுத்த வாரம் 90. மூன்று, நான்காம் வாரங்களில் வேண்டுமானால் வாரம் இரண்டு நாள் இரு வேளை, ஆனால் அடுத்தடுத்த நாளில் கூடாது. ஐந்தாம் வாரம் பாதியாகக் குறையுங்கள், வேகம் மட்டும் குறையக் கூடாது. காலை ஏழரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு முடிப்பது நல்லது. மே, ஜூனில் மதியத்துக்கு மேல் மேகம் கூடி இடி விழும். இடி கேட்டதும் எல்லாரையும் கட்டடத்துக்குள் அனுப்புங்கள், மரத்தடி ஆகாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறங்க வேண்டும்.

பிசியோ, மதுரை

வயதைப் பார்த்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சட்டென்று உயரம் கூடும் 13, 14 வயதில் முழங்கால் சில்லுக்கு இரண்டு விரல் கீழே, எலும்பில் ஒரு புடைப்பு தெரியும். கட்டைவிரலால் அழுத்தினால் பையன் காலை இழுத்துக்கொள்வான். முன்தொடைத் தசைநார் வளரும் எலும்பை இழுப்பதால் வருவது அது. தார் ரோடு ஓட்டமும் குதிப்பும் அதைக் கிளறிவிடும். முழு ஓய்வு தேவைப்படாது: குதிப்பதையும் பலமாக ஷூட் அடிப்பதையும் இரண்டு, மூன்று வாரம் குறைத்து, ஆடி முடித்ததும் 10 நிமிடம் துணி சுற்றிய ஐஸ் வையுங்கள். நொண்டினால் மட்டும் ஆட்டத்தை நிறுத்துங்கள்.

வார்ம்-அப்புக்கு ஃபிஃபா லெவன் பிளஸ் போதும். 20 நிமிடம், 15 பயிற்சி: 8 நிமிட ஓட்டம், 10 நிமிடம் பலமும் சமநிலையும், 2 நிமிட வேக ஓட்டம். வாரம் இரண்டு நாளாவது முழுசாகச் செய்ய வேண்டும். அவசரத்தில் நடுப்பகுதியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், காயத்தைத் தடுப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று எதிரில் நின்று பாருங்கள்.

திண்டுக்கல் கோச்

முடிந்தால் மேட்சுக்கு ஐந்து நாள் முன்பே கீழே இறங்குங்கள். முதல் நாள் சாயங்காலம் 45 நிமிடம் லேசாக, பிறகு தினம் பத்து நிமிடம் கூட்டி, மெல்ல மெல்ல மேட்ச் நேரத்து வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். ஐந்து நாளில் முழுப் பழக்கம் வராது, ஆனால் படபடப்பு நன்றாகக் குறையும். இதற்குப் பதிலாக மலையிலேயே ஸ்வெட்டரும் பிளாஸ்டிக் கோட்டும் போட்டு ஓட விடும் வேலை மட்டும் வேண்டாம், ஆபத்து.

முந்தின நாள்தான் வர முடியும் என்றால் வார்ம்-அப்பை நிழலில் 12 நிமிடத்தில் முடியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், அளவை மாற்றாதீர்கள். யாராவது தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ வியர்க்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், அது வெப்பத்தாக்காக இருக்கலாம். 108ஐக் கூப்பிட்டுக்கொண்டே ஜெர்சியைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.

பந்தையும் கவனியுங்கள். கொடையில் 11 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்று அடித்த பந்து இங்கே வந்ததும் ஒன்று, ஒன்றரை குறைவாகக் காட்டும், வெளிக்காற்றின் அழுத்தம் இங்கே கூடுதல். விதிப்படி 8.5 முதல் 15.6 வரை இருக்கலாம் என்றாலும் பழகிய துள்ளல் வராது. அதோடு மேலே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, பந்து நீளமாகப் போகும், வளைவது குறைவு. அந்தக் கணக்கிலேயே இங்கே நின்றால் டிஃபென்டருக்கு முன்னாலேயே பந்து விழுந்துவிடும். வந்த அன்றே கோல்கீப்பருக்கும் ஸ்டாப்பர்களுக்கும் (நடு டிஃபென்டர்கள்) 30 உயரப் பந்தாவது அடித்துக் காட்டுங்கள்.

மேல்மலை பி.டி. ஆசிரியர்

நன்றி. ஏரி ஓட்டத்தை நிறுத்திவிட்டு நாலுக்கு நாலில் தொடங்குகிறேன். மூன்று நாள் முன்பே இறங்க அனுமதி கேட்டுப் பார்க்கிறேன். இன்னொன்று: வத்தலக்குண்டு இறங்குவதற்குள் நாலைந்து பேர் வாந்தி எடுத்துவிடுவார்கள். மாத்திரை கொடுத்துக் கூட்டி வரலாமா?

பிசியோ, மதுரை

மேட்ச் அன்று வேண்டாம் சார். பயண வாந்திக்குத் தரும் மாத்திரைகள் பலவும் தூக்கம் தரும், வியர்வையையும் குறைக்கும். வெயிலில் ஆடப் போகிறவனுக்கு இரண்டுமே கெடுதல். முந்தின நாளே இறங்குவதாக இருந்து, ரொம்ப அவதிப்படும் பையன் என்றால் டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள். மற்றவர்களுக்குக் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். அவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள், போன் பார்க்க விடாதீர்கள். வாந்தி எடுத்தவன் யார் என்று குறித்து வைத்து, கீழே இறங்கியதும் முதல் ஓ.ஆர்.எஸ். பாட்டிலை அவனிடம் கொடுங்கள்.