சிக்னல் கோடுகள் முழுமையாக இருந்தும் இணையம் ஏன் நகர மறுக்கிறது?

கேள்வி – வேளச்சேரி வாசகர்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 4ஜி இணைப்பில் காணொளிகள் தடங்கலின்றி ஓடுகின்றன. அதே கைபேசியோடு மாலை வேளையில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்குச் சென்றால், சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிந்தும், யுபிஐ வழியாக ஒரு சிறு தொகையைச் செலுத்துவதற்குள் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதற்குக் காரணம் என்ன? வேறு நிறுவனத்துக்கு மாறினால் தீருமா?

மறுமொழி 1 – அலைவரிசை

கோடுகள் காட்டுவது கோபுரத்தின் அலை தங்களை எவ்வளவு வலுவாக வந்தடைகிறது என்பதை மட்டுமே; அந்த அலையை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதை அவை காட்டுவதில்லை. ஒரு கோபுரம் தன் சுற்றுப்புறத்தைப் பெரும்பாலும் மூன்று பிரிவுகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு பிரிவுக்குள் இருக்கும் அனைவருக்கும் சேர்த்தே அதன் கொள்ளளவு பங்கிடப்படுகிறது. 4ஜியில் ஓர் அலைத்தொகுதியின் அகலம், அதாவது தரவு செல்லும் பாதையின் அகலம், அதிகபட்சம் 20 மெகாஹெர்ட்ஸ்தான். யுபிஐக்குத் தேவைப்படும் தரவு மிகச் சிறியது என்றாலும், கைபேசி அனுப்பும் கோரிக்கைக்குக் கோபுரம் முறை ஒதுக்கியாக வேண்டும். நெரிசலில் அந்த முறை தாமதமாகவே வருகிறது. அருகருகே கோபுரங்கள் உள்ள இடங்களில் ஒன்றின் அலை மற்றொன்றுக்கு இரைச்சலாகி, வேகத்தை மேலும் குறைக்கிறது.

மறுமொழி 2 – பெருங்குடி

மேலே சொன்னது தெருவுக்குப் பொருந்தும். கட்டடங்களுக்குள் கதை வேறு. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அலுவலகங்களில், வெப்பத்தைத் தடுப்பதற்காக உலோகப் பூச்சிட்ட கண்ணாடிகள் அலையையும் சேர்த்தே தடுத்துவிடுகின்றன. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண் அலைகள் சுவர்களை ஓரளவு ஊடுருவும். 2300 மெகாஹெர்ட்ஸோ, 5ஜிக்குப் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையோ அவ்வாறு எளிதில் உள்ளே வருவதில்லை. ஆனால் அந்த உயர்ந்த பட்டையில்தான் 100 மெகாஹெர்ட்ஸ் வரை அகலம் கிடைப்பதால், திறந்தவெளியில் 5ஜி வேகம் வியக்க வைக்கிறது. எனவே கூட்டமான தெருவில் 5ஜி கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். உள்ளறையில் 5ஜி தடுமாறினால் 4ஜிக்கு மாற்றிப் பாருங்கள்.

மறுமொழி 3 – குரோம்பேட்டை

கோபுரத்தையும் அதற்குப் பின்னால் இருக்கும் நிறுவனத்தின் மைய வலையமைப்பையும் இணைக்கும் பின்னணித் தடமும் முக்கியம். கண்ணாடி இழை வந்துசேராத கோபுரங்கள் கம்பியில்லா நுண்ணலை இணைப்பை நம்பியிருக்கின்றன. அதன் கொள்ளளவு குறைவாக இருந்தால், அருகில் நின்றாலும் வேகம் வராது.

நிறுவனம் மாறுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் கைபேசி அமைப்புகளில் சிம் நிலை என்ற பகுதியில் அலைவலிமையைப் பாருங்கள். அது டிபிஎம் என்ற அலகில் இருக்கும்; மைனஸ் 80 டிபிஎம் நல்ல நிலை, மைனஸ் 110 மிகவும் பலவீனம். இவ்விரண்டுக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு ஆயிரம் மடங்கு. எண் நன்றாக இருந்தும் வேகம் இல்லையென்றால் நெரிசலையோ பின்னணித் தடத்தையோதான் சந்தேகிக்க வேண்டும். அப்போது, வேறு நிறுவன சிம் வைத்திருக்கும் நண்பரை அழைத்துச் சென்று, அதே இடத்தில் அதே நேரத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீடு செயலியில் இருவரும் சோதித்துப் பாருங்கள். வீட்டிலும் தாங்கள் அதிகம் புழங்கும் இடங்களிலும் அவருடைய இணைப்பே மேலாக இருந்தால் மட்டும் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ரங்கநாதன் தெரு ஒன்றுக்காக மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.