மிகைபுனைவு நாவல் எழுத நேரம் இருக்கிறது. அதை விளம்பரப்படுத்தும் நேரம்தான் வீட்டுக்குச் சொந்தமானதாக இருக்கிறது

கெடிலக்கரை (கடலூர்):

வணக்கம். மூன்று பாகங்களாகத் திட்டமிட்ட மிகைபுனைவு நாவலின் முதல் பாகத்தைக் கிண்டிலில் வெளியிட்டு ஐந்து மாதங்கள் ஆகின்றன. இரண்டாம் பாகம் பாதியில் நிற்கிறது. அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது அந்தக் கல்லே தெப்பமாகி அவரைத் திருப்பாதிரிப்புலியூரில் கரைசேர்த்தது என்று எங்கள் ஊரில் எல்லோரும் அறிந்த கதையிலிருந்துதான் என் நாவல் முளைத்தது. வண்டிப்பாளையம் பக்கம் கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரே அந்த நினைவில் வந்ததுதான். மிதக்கும் கற்களால் கட்டிய துறைமுக நகரம் ஒன்றில் கற்கள் ஒவ்வொன்றாக மூழ்கத் தொடங்குவதே என் கதை.

எழுதுவதில் எனக்குப் பெரிய சிக்கல் இல்லை. விடிகாலை நாலரைக்கு எழுந்தால் பால்காரர் வரும்வரை அந்த நேரம் எனக்கே எனக்கு. தோன்றும் உரையாடல்களைக் குக்கர் விசில்களுக்கு இடையே கைப்பேசியில் பேசிப் பதிந்துகொள்வேன், அதைக் கேட்டுக்கொண்டே கீரை ஆயும் மாமியார், "அந்த ராணி இன்னுமா சாகவில்லை?" என்று விசாரிப்பார்.

சிக்கலெல்லாம் விளம்பரத்தில்தான். வாசகர்கள் கைப்பேசியோடு உட்காருவது இரவு எட்டு முதல் பத்து வரை. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கணக்குப் புத்தகத்தோடு என் அருகில் வந்து உட்காருவதும் அதே நேரத்தில்தான். கணவர் வாரத்தில் ஐந்து நாட்கள் சென்னையில் இருக்கிறார். எனக்கும் பகலில் அலுவலகம்.

சென்ற மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கேடிபி செலக்ட் என்ற அமேசானின் மின்னூல் திட்டத்தில் சேர்த்த நூலை 90 நாள் சுற்று ஒன்றில் 5 நாட்கள் இலவசமாகத் தரலாம் அல்லவா? அந்த ஐந்தையும் ஒரே மூச்சில் வைத்தேன். இரண்டாம் நாள் என் ஏழு வயது மகனுக்குக் காய்ச்சல் வந்தது. அவன் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு, அது ஒலிப்பதற்குள் எத்தனை பேர் பதிவிறக்கியிருக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். ஒலித்தது எனக்குக் கேட்கவில்லை. அவனே அதை எடுத்து, எண் என் பக்கம் தெரியும்படி திருப்பி நீட்டினான். 101.4.

அன்றிலிருந்து ஒரு பதிவும் போடவில்லை, விற்பனையும் நின்றுவிட்டது. இரண்டாம் பாகம் முடியும்வரை விளம்பரத்தை அடியோடு நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் முதல் பாகத்தைப் படித்த கொஞ்சம் பேரும் மறந்துவிடுவார்களா?

அரியாங்குப்பத்தான் (புதுச்சேரி):

நிறுத்திவிடலாம் என்பதே என் பதில், சகோதரி. என் மூன்றாவது நாவல் 2024 டிசம்பர் 1 அன்று வெளிவரும் என்று இரண்டு மாதங்களாக முழங்கிக்கொண்டிருந்தேன். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. வெளியீட்டு நாளன்று எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, மின்சாரம் இல்லை, கைப்பேசியும் அணைந்து கிடந்தது. நானும் மனைவியும் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தோம். முன்பதிவில் வைத்திருந்ததால் நாவல் தன்பாட்டுக்கு வெளியாகிவிட்டது. பிறகு கணக்குப் பார்த்தபோது, ஒரு பதிவுகூடப் போடாத அந்த முதல் மாதத்துக்கும், தினமும் மூன்று பதிவுகள் போட்ட முந்தைய நாவலின் முதல் மாதத்துக்கும் பதினொரு பிரதிகள்தான் வித்தியாசம். அந்தப் பதினொரு பிரதிகளுக்காக எத்தனை மாலைகளைக் கொடுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

இப்போது ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியையும் ஜூலையில் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியையும் ஒட்டித் தலா மூன்று வாரங்கள் மட்டும் பேசுகிறேன். அந்த வாரங்கள் எவையென்று வீட்டில் முன்கூட்டியே தெரியும் என்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இலவச நாட்களை ஒன்றாக வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரித்துப் பிரித்து, வீட்டில் இன்னொருவர் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்துக்கொள்ளலாம்.

முதுநகர் நெய்தல்:

எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. மூன்று நாவல் எழுதியவருக்கு மௌனம் கட்டுப்படியாகும். ஒரே ஒரு பாகம் மட்டும் வெளிவந்த அக்காவுக்கு ஆகாது. நான் பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளத்தில் தொடர் எழுதுகிறேன். இரண்டு வாரம் அத்தியாயம் வராவிட்டால் என் வாசகர்கள் வேறு தொடருக்குப் போய்விடுகிறார்கள், திரும்பி வருபவர்கள் குறைவு. செலக்டில் இருக்கும்வரை அதே நாவலை மின்வடிவில் வேறெங்கும் வைக்க முடியாது என்பதும், அதிலிருந்து வெளியேறினால் இந்திய விற்பனைக்கான ராயல்டி 70 சதவீதத்திலிருந்து 35 ஆகிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த மிதக்கும் நகரத்தில் நடக்கும் வேறொரு சிறுகதையை, நாவலில் ஓரமாக வந்துபோகும் ஒருவரை வைத்து எழுதி, மாதம் ஒன்றாகப் பிரதிலிபியில் இடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. அதுவும் எழுத்து வேலைதான், ஆகவே உங்கள் நாலரை மணிக்குள்ளேயே அடங்கிவிடும். பின்னூட்டங்களுக்குப் பதில் எழுதுவதை மட்டும் நான் பேருந்துப் பயணத்தில் வைத்துக்கொள்கிறேன்.

வில்லியனூர் வாசி:

பிள்ளைகளையும் விளம்பரத்தில் சேர்த்துக்கொண்டால் நேரம் மிச்சமாகும் என்று யாராவது சொல்வதற்கு முன் இதை எழுதிவிடுகிறேன். ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டின் மணிகளை வைத்து எழுதிய என் நாவலுக்காக ஒரு ஞாயிறன்று மகளை அங்கே அழைத்துச் சென்று, 1945-இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்த இடம் இது என்று அவளைப் பேசவைத்துக் காணொளி எடுத்தேன். (இன்று அங்கே கண்ணுக்குத் தெரிவதெல்லாம் 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடத்தின் செங்கற்சுவர்தான், ரோமானியர்களைத் தேடி வந்த அவளுக்கு அதிலேயே பாதி உற்சாகம் போய்விட்டது.) ஏழாவது முறையாகத் திரும்பச் சொல்லச் சொன்னபோது, "அப்பா, நாம் சுற்றிப் பார்க்க வந்தோமா, வேலைக்கு வந்தோமா?" என்று கேட்டாள். காணொளியை நான் வெளியிடவில்லை. அடுத்த ஞாயிறு வெறுங்கையோடு போனோம். ஆற்றங்கரையில் நண்டு பிடித்துவிட்டு வந்தோம்.

கெடிலக்கரை (கடலூர்):

மூவருக்கும் நன்றி. மகளின் பொதுத்தேர்வு முடியும்வரை இரவு எட்டு மணிக்கு மேல் கைப்பேசியை மாமியாரிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஜனவரியை விட்டுவிட்டு, ஜூலை நெய்வேலிக்கு இரண்டாம் பாகத்தோடு வருகிறேன். நெய்தல் சொன்ன யோசனை பிடித்துப்போய், ராணியின் இளமைக் காலத்தைத் தனிக்கதையாக எழுதப்போவதாக மாமியாரிடம் சொன்னேன்; சாகப்போகிறவளுக்கு எதற்கு இளமைக் கதை என்று கேட்டுவிட்டார். ஆகவே படகோட்டியின் கதையைத்தான் எழுத வேண்டும்.

ஒரே ஒரு ஐயம்: வரும் சுற்றில் ஐந்து இலவச நாட்களையும் பயன்படுத்தாமல் விட்டால், அவை அதற்கடுத்த சுற்றில் சேர்ந்து பத்தாகுமா?

அரியாங்குப்பத்தான் (புதுச்சேரி):

ஆகாது. போனால் போகட்டும் சகோதரி, முதலில் கணக்குப் பாடத்தைப் பாருங்கள்.