சர்ச் கூரை பழுதானால் வீட்டுக்காரர் பணம் கட்ட வேண்டுமா? இங்கிலாந்தில் வீடு வாங்கியவர்களின் அனுபவங்கள்

2011இல் வார்விக்‌ஷயரில் ஒரு கிராமத்தில் வீடு வாங்கினோம். எங்கள் சொலிசிட்டர், அதாவது சொத்து வாங்குவதைக் கவனித்த வக்கீல், அனுப்பிய தடித்த அறிக்கையில் ஒரே ஒரு வரி: "இந்தச் சொத்து சான்சல் பழுதுபார்ப்புப் பொறுப்பு இருக்கக்கூடிய பாரிஷுக்குள் வருகிறது." பாரிஷ் என்றால் ஒரு சர்ச்சின் எல்லைக்குள் வரும் பகுதி. நான் அந்த ஊர்ச் சர்ச்சுக்குள் அதுவரை காலடி வைத்ததில்லை, கிறிஸ்தவனும் அல்ல. பிறகு ஏன் என்று கேட்டேன். மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நிலத்தோடு வரும் கடமை இது என்றார்.

சான்சல் என்றால் சர்ச்சின் கிழக்குப் பகுதி, பலிபீடம் இருக்கும் இடம். நம் கோயிலில் கருவறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் உட்காரும் கூடத்தைப் பராமரிப்பது ஊராரின் வேலை. சான்சலைப் பராமரிப்பது சர்ச்சின் பொறுப்பாளரான ரெக்டரின் வேலை, ஏனென்றால் ஊரின் தசமபாகத்தை, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, வாங்குபவர் அவர். பல ஊர்களில் மடங்களே ரெக்டராக இருந்தன. எட்டாம் ஹென்றி 1530களில் மடங்களைக் கலைத்தபோது அந்த உரிமைகள் அரசிடம் போய், அங்கிருந்து தனியாருக்கு விற்கப்பட்டன. வருமானத்தோடு கடமையும் கைமாறியது. பின்னால் பொது நிலங்களைப் பிரித்து வேலி போட்ட காலத்தில், பல இடங்களில் தசமபாகத்துக்குப் பதிலாக நிலம் கொடுத்தார்கள். அந்த நிலத்தில் கடமை ஒட்டிக்கொண்டது. நிலம் துண்டுதுண்டாகி வீடுகள் வந்தன, தசமபாகம் ஒழிந்தது, கடமை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் ஊரில் மானிய நிலத்தை அனுபவிப்பவர் கோயிலுக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்பார்களே, அதே ஏற்பாடுதான். இங்கே மானியம் போய்விட்டது, ஊழியம் மட்டும் மிச்சம்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்று எனக்குப் புரிந்தது ஆஸ்டன் கேன்ட்லோ வழக்கைப் படித்த பிறகு. அந்த ஊரும் வார்விக்‌ஷயர்தான். வால்பேங்க் தம்பதிக்குக் குடும்பத்தின் வழியே வந்த பண்ணை நிலம். 1990களில் ஊர்ச் சர்ச்சை நிர்வகிக்கும் பாரிஷ் குழு, 1932ஆம் ஆண்டுச் சான்சல் பழுதுபார்ப்புச் சட்டத்தின்படி அவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்தது. முதலில் கேட்டது சுமார் 95,000 பவுண்டு. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தம்பதி பக்கம் நின்றது. 2003இல், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதைப் புரட்டிப் போட்டது. 2007இல் உயர் நீதிமன்றம் முடிவு செய்த தொகை 1,86,969 பவுண்டு, அதற்கு மேல் வாட் வரி. வழக்குச் செலவு தனி. கடைசியில் பண்ணையையே விற்க வேண்டியதாயிற்று. அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. வேலி போட்ட காலத்து நிலம் என்றால் ஓர் உரிமையாளரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம், மற்றவர்களிடம் பங்கு வசூலிப்பது அவர் பாடு என்று படித்தது இன்னும் பயமுறுத்தியது.

சொலிசிட்டர் சொன்னபடி ஒரே தடவை கட்டும் இன்சூரன்ஸ் எடுத்தோம். நாற்பது பவுண்டுக்குள்தான் ஆனது. அவர் கண்டிப்பாகச் சொன்ன ஒன்றை இங்கே எழுதியே ஆக வேண்டும்: பாலிசி கைக்கு வரும்வரை சர்ச்சைத் தொடர்புகொண்டு எதையும் கேட்காதீர்கள். நீங்களே போய் விசாரித்துவிட்டால் இன்சூரன்ஸ் தர மறுத்துவிடலாம். நம் ஆட்களுக்கு நேரே போய்ப் பேசித் தீர்த்துவிடலாம் என்ற எண்ணம் இயல்பாகவே வரும். இந்த விஷயத்தில் அது வேண்டாம்.

2013இல் நிலப் பதிவகத்திலிருந்து கடிதம் வந்தது. பாரிஷ் குழு எங்கள் பட்டாவில் சான்சல் பொறுப்பைப் பதிந்திருந்தது. என் மனைவி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். அடுத்த வாரம் சர்ச் வார்டன் (சர்ச் நிர்வாகப் பொறுப்பாளர்) ஒருவர், வயதானவர், வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். எங்களுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஆனால் வீட்டுப் பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதே.

2019இல் வீட்டை விற்க நினைத்தபோது முதலில் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்கினேன். பிறகு மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அங்கே பேனா கொண்டுபோக முடியாது, பென்சில்தான். இரண்டு நாள் உட்கார்ந்து, வேலி போட்ட காலத்தில் யாருக்கு எந்த நிலம் என்று எழுதிய தீர்ப்பாணையையும் வரைபடத்தையும் பார்த்தேன். தசமபாகத்துக்குப் பதிலாகக் கொடுத்த நிலம் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடையோடு நின்றுவிடுகிறது. எங்கள் மனை அதற்கு முன்பே வீட்டுமனையாக இருந்த இடம். பதிவை நீக்கக் கோரி விண்ணப்பித்தோம். பாரிஷ் குழு மறுப்புச் சொல்ல 15 வேலை நாள் அவகாசம். அவர்கள் மறுக்கவில்லை, பதிவு நீங்கியது.

பதில் 1 (கிழக்கு லண்டன்)

அண்ணா, எங்களுக்கும் இது வந்தது, ஆனால் இவ்வளவு தூரம் போகவில்லை. நான் யாழ்ப்பாணம். 2018இல் ஃபிளாட் வாங்கும்போது சான்சல் தேடல் என்று இருபது பவுண்டு சொச்சம் கட்டணம் போட்டிருந்தார்கள். சுற்றிவர முழுக்க அடுக்குமாடிகள், இங்கே என்ன சர்ச் நிலம் என்று கேட்டேன். தேடல் பார்ப்பது பழைய பாரிஷ் எல்லையை, இன்றைய தெருவை அல்ல என்று சொலிசிட்டர் விளக்கினார். முடிவில் "இருக்கலாம்" என்று வந்தது. காப்புறுதி எடுத்துவிட்டு மறந்துவிட்டோம்.

பதில் 2 (ஷ்ராப்ஷயர் பக்கம்)

நான் மறுபக்கத்தில் இருந்தவள். திருநெல்வேலியில் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தேன், இங்கே வந்ததும் கிராமத்துச் சர்ச்சில் சேர்ந்து 2010இல் பாரிஷ் குழுவில் உறுப்பினரானேன். அந்த வார்டன் மன்னிப்புக் கேட்டதைப் படித்தபோது எங்கள் கூட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன.

2002ஆம் ஆண்டு நிலப் பதிவுச் சட்டத்தால், 2013 அக்டோபர் 13க்கு முன் பதியாத பொறுப்பு அதற்குப் பிறகு விலை கொடுத்து வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்ற நிலை. அதனால் எல்லா ஊர்க் குழுக்களும் கெடுவுக்கு முன்னால் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பதிந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் நம்மைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பதியாவிட்டால், அறக்கட்டளையான சர்ச்சின் சொத்தை வீணடித்தீர்கள் என்று குழு உறுப்பினர்கள் சொந்தப் பணத்தில் ஈடுகட்ட நேரலாம் என்று எச்சரித்தார்கள். எங்களில் பாதிப் பேர் ஓய்வூதியக்காரர்கள். ஒரு கூட்டத்தில் ஒரு பாட்டி அழுதேவிட்டார்.

நாங்கள் அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் ஆணையத்துக்கு எல்லா விவரத்தையும் எழுதி ஆலோசனை கேட்டோம். ஊரில் உண்டாகும் கசப்பால் காணிக்கை குறையும், ஆள்வரத்து நிற்கும், வசூலாகக்கூடியதைவிட இழப்பு அதிகம் என்று கணக்கோடு காட்டினோம். பதில் வந்த பிறகு, பதிவதில்லை என்று வாக்களித்தோம். கூரைக்கு ஈயத்தகடு போட மூன்று வருடம் கேக் விற்றும் கச்சேரி வைத்தும் பணம் சேர்த்தோம். அதற்கு உதவியவர்களில் பாதிப் பேர் சர்ச்சுக்கே வராதவர்கள். கையில் பொறுப்புள்ளவர்கள் பட்டியலை வைத்துக்கொண்டு அவர்கள் கதவைத் தட்டியிருந்தால் வந்திருப்பார்களா?

பதில் 3 (வொர்செஸ்டர்ஷயர்)

இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் பதற்றமாக இருக்கிறது. என் கணவர் ஆங்கிலேயர். 2016இல் மாமனார் ஊரோரம் இருந்த தோட்டத்தையும் வீட்டையும் எங்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். பணம் எதுவும் கைமாறவில்லை. 2013க்குப் பிறகு எல்லாம் முடிந்துவிட்டது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

தொடங்கியவரின் பதில்

அம்மா, "முடிந்துவிட்டது" என்பது விலை கொடுத்து வாங்கியவருக்குத்தான். அன்பளிப்பாகவோ வாரிசாகவோ வந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. உங்கள் மாமனார் எந்த வருடம் வாங்கினார் என்று முதலில் பாருங்கள். 2013 அக்டோபருக்குப் பிறகு பணம் கொடுத்து வாங்கியவர் சங்கிலியில் யாரும் இல்லையென்றால், பாரிஷ் குழு இன்றைக்கும் பதிய முடியும். வால்பேங்க் குடும்பத்துக்கும் நிலம் குடும்பத்தின் வழியேதான் வந்தது.

பயப்பட வேண்டாம், ஆனால் வரிசை மாறாமல் செய்யுங்கள். பட்டா நகலை எடுத்துப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சொலிசிட்டர் வழியாக இன்சூரன்ஸ். அதற்குப் பிறகுதான் ஆவணத் தேடல். லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 1936 தசமபாகச் சட்டத்தின்போது யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்று எழுதிய பதிவேடுகள் இருக்கின்றன, ஐஆர் 104 என்ற எண்ணில். வேலி போட்ட காலத்து நிலம் அதில் வராது, அதற்கு மாவட்டக் காப்பகம்தான். சர்ச்சில் மட்டும் இப்போது கேட்காதீர்கள், அங்கே உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தாலும்கூட.

1985இலேயே சட்ட ஆணையம் இந்தப் பொறுப்பை ஒழிக்கச் சொல்லிவிட்டது. அப்போது செய்திருந்தால் வால்பேங்க் குடும்பத்துக்கு அந்த நோட்டீஸ் போயிருக்குமா என்று நினைக்கும்போது இன்னும் மனம் ஆறவில்லை. உங்கள் ஊர் வரைபடம் கிடைத்ததும் சொல்லுங்கள், அதில் நிலங்களுக்குப் போட்டிருக்கும் எண்களைத் தீர்ப்பாணையோடு ஒத்துப் பார்ப்பது எப்படி என்று நான் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.