பேக்கப் ஏற மாட்டேங்கு, கோயில் கொடை நோட்டீஸ் நிக்கி – அவசர உதவி

பாளை டிடிபி | இரவு 9.42
கடைச் சிஸ்டத்துல ஹார்டு டிஸ்க் போயிட்டு. புது எஸ்எஸ்டி போட்டாச்சு. வெளி ஹார்டு டிஸ்க்ல பேக்கப் இருக்கு, அதை ரீஸ்டோர் கொடுத்தா பாதியில எர்ரர் வந்து நிக்கி. திரும்பத் திரும்பப் பாத்தாச்சு, அதேதான். வாற செவ்வாய் கொடைக்குக் கால்நாட்டு, அதுக்குள்ள நோட்டீஸ் ஊர்க்காரங்க கையில இருக்கணும். நாளைக்குப் பிரஸ்ஸுக்குக் கொடுத்தாத்தான் ஆகும். போன வருச ஃபைல், கொடைக்கு வரி கொடுத்தவங்க பட்டியல் எல்லாம் அந்தப் பேக்கப்புக்குள்ள கிடக்கு. என்ன செய்யன்னு சொல்லுங்க அண்ணாச்சிமாரே.

ஜங்ஷன் சர்வீஸ் | 9.51
எந்த விண்டோஸ்? பேக்கப் எதுல எடுத்தது? எர்ரர்ல என்ன எழுதியிருக்கு, கடைசியில ஒரு நம்பர் வருமே அது என்ன? பழைய டிஸ்க் எத்தனை ஜிபி, புதுசு எத்தனை? போட்டோ எடுத்துப் போட்டாலும் சரி.

வயர்மேன் | 9.55
கேபிள்தான். எஸ்எஸ்டி மாத்தும்போது பழைய சாட்டா கேபிளையே செருகியிருப்பீங்க. மடக்கி மடக்கி உள்ளுக்குள்ள கம்பி விட்டிருக்கும். அம்பது நூறு ரூபாய் சாமான், முதல்ல அதை மாத்திட்டு மத்ததைப் பாருங்க.

பிட்டும் பைட்டும் | 10.03
"எர்ரர் வருது"ன்னு மட்டும் சொன்னா ஜோசியம்தான் பாக்கணும். இங்க மேல ஒட்டிவச்சிருக்கிற குறிப்பை யாருமே படிக்கிறதில்ல. இயங்குதளம், கருவி, பிழை எண், டிஸ்க் அளவு. இந்த நாலும் இல்லாம கேள்வி போடாதீங்கன்னு எழுதி வச்சிருக்கு. அவசரம் எல்லாருக்கும்தான்.

பாளை டிடிபி | 10.10
விண்டோஸ் 10. கன்ட்ரோல் பேனல்ல "விண்டோஸ் 7 பேக்கப்"னு ஒண்ணு கிடக்கும்லா, அதுல எடுத்த சிஸ்டம் இமேஜ், டிஸ்க்கை அப்படியே எடுத்த நகல். சிஸ்டம் டிஸ்க்கை மீட்க ஏத்த டிஸ்க் எதுவும் இல்லைன்னு வருது. நம்பர் 80042412. ஆனா டிஸ்க் புதுசுதான், ஆன் பண்ணினதும் வாற பயாஸ் திரையில நல்லாத் தெரியுது.

அம்பை ஐடி | 10.14
எனக்கு ரீஸ்டோருக்காக பூட் பண்ணுத பென் டிரைவ் மேலதான் சந்தேகம். பூட் மெனுல ஒரே பென் டிரைவ் ரெண்டு தடவை காட்டும், ஒண்ணு முன்னால யூஇஎஃப்ஐன்னு (புது பூட் முறை) போட்டது, இன்னொண்ணு வெறும் பேரு (பழைய பயாஸ் முறை). பழைய விண்டோஸ் எந்த முறையில ஏத்தினதோ அதே முறையிலதான் பென் டிரைவும் பூட் ஆகணும். மாறிச்சுன்னா ரீஸ்டோர் ஒத்துக்காது. மத்ததைத் தேர்ந்தெடுத்துப் பாருங்க.

ஜங்ஷன் சர்வீஸ் | 10.19
அம்பை, நீங்க சொல்லுத கோளாறு உண்டு. ஆனா அதுக்குத் தனி வாசகம் வரும், பயாஸ்ல எடுத்த இமேஜை இஎஃப்ஐ மெஷின்ல ஏத்த முடியாதுன்னு நேராவே சொல்லிரும். இது அது இல்ல. அப்புறம் டிடிபி அண்ணாச்சி, "பாதியில"ன்னீங்களே, பச்சைக் கோடு ஓடுச்சா? டிஸ்க் அளவை இன்னும் சொல்லல.

தென்காசி டெக் | 10.22
வெளி ஹார்டு டிஸ்க்ல செக்டிஸ்க் ஸ்லாஷ் எஃப் (டிஸ்க் பிழை திருத்துத கட்டளை) ஓட்டுங்க. பேக்கப் ஃபைல் கெட்டிருந்தா சரியாயிரும்.

ஜங்ஷன் சர்வீஸ் | 10.24
தயவுசெஞ்சு ஓட்டிராதீங்க. இருக்கது ஒரே ஒரு பேக்கப். செக்டிஸ்க் ஃபைல் அமைப்பைத்தான் சரிபண்ணும், அதுக்காக சந்தேகப்பட்ட துண்டை வெட்டி எறியவும் தயங்காது. உள்ள இருக்கது ஒரே பெரிய விஎச்டிஎக்ஸ் ஃபைல் (மொத்த டிரைவையும் ஒரே ஃபைலா வச்சது), அதுல நடுவுல ஒரு துண்டு போச்சுன்னா மொத்தமும் போனாலும் போகும். எர்ரர் பேக்கப்பைக் குறை சொல்லல, போடுத இடத்தைத்தான் குறை சொல்லுது.

பாளை டிடிபி | 10.31
கோடு ஓடல. ஃபினிஷ், எஸ் கொடுத்த உடனே வருது. பழசு 500 ஜிபி, புதுசு 480. சி டிரைவ்ல மொத்தமே 90 ஜிபிதான் இருந்துச்சு, அதனால சைஸ் பிரச்சினை இல்ல.

ஜங்ஷன் சர்வீஸ் | 10.38
சைஸ்தான் பிரச்சினை அண்ணாச்சி. இந்த ரீஸ்டோர் உள்ள எவ்வளவு இருக்குன்னு பாக்காது. பழைய டிஸ்க்கோட பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரிச்ச பகுதி) எங்க தொடங்கி எங்க முடிஞ்சுதோ அதே இடத்துல அதே அளவுல திரும்பப் போடப் பாக்கும். புது டிஸ்க் பழசைவிடக் கொஞ்சம் குறைஞ்சாலும் "ஏத்த டிஸ்க் இல்ல"ம்பான். 500-ன்னு விக்கது விண்டோஸ்ல 465 ஜிபின்னு காட்டும், 480-ன்னு விக்கது 447. பதினெட்டு ஜிபி சொச்சம் பத்தல, அவ்வளவுதான்.

512 எஸ்எஸ்டி 476 காட்டும், அதுல ஏறிரும். ஏறின பிறகு கடைசியில பதினோரு ஜிபி போல சும்மா கிடக்கும். சி-யைப் பெருசாக்க நினைச்சீங்கன்னா நடுவுல ரிகவரி பார்ட்டிஷன் குறுக்க நிக்கும். அதை நோண்டாம விட்டுருங்க.

பிட்டும் பைட்டும் | 10.41
கம்பெனிக்காரன் ஆயிரத்துல கணக்குப் போடுறான், விண்டோஸ் 1024-ல போடுது. அந்த வித்தியாசம்தான் இங்க இடிக்குது. அடிப்படை.

ஜங்ஷன் சர்வீஸ் | 10.43
அது இங்க இடிக்கல. ரெண்டு டிஸ்க்கையும் ஆயிரம் கணக்குலதான் விக்காங்க, விண்டோஸ் ரெண்டையும் ஒரே மாதிரிதான் குறைச்சுக் காட்டும். 480-க்கும் 500-க்கும் உள்ள இடைவெளி எந்தக் கணக்குல போட்டாலும் இடைவெளிதான்.

பிட்டும் பைட்டும் | 10.47
சரி. ஆனா இந்த சிஸ்டம் இமேஜ் வசதியைக் கைவிடுறதா மைக்ரோசாஃப்ட் 2017-லயே அறிவிச்சாச்சு. விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சது. இன்னும் அதையே நம்பி இருந்தா இப்படித்தான்.

முறப்பநாடு | 10.50
தண்ணில விழுந்தவன்ட்ட நீச்சல் வகுப்பு எப்போ தொடங்குதுன்னு சொல்லாதேயும் வே. அவருக்கு நாளைக்குப் பிரஸ்.

டிடிபி அண்ணாச்சி, உங்களுக்கு இப்போ விண்டோஸ் வேணுமா, நோட்டீஸ் ஃபைல் வேணுமா? ஃபைல்தான்னா ரீஸ்டோரே வேண்டாம். வேற ஒரு சிஸ்டத்துல வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகுங்க. டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, ஆக்‌ஷன் மெனுல அட்டாச் விஎச்டி. விண்டோஸ் இமேஜ் பேக்கப் ஃபோல்டருக்குள்ள உங்க சிஸ்டம் பேர்ல ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள தேதி போட்ட ஒண்ணு, அதுக்குள்ள விஎச்டிஎக்ஸ் ஃபைல்கள் இருக்கும். இருக்கதுலயே பெருசுதான் சி டிரைவ். "ரீட் ஒன்லி" கட்டத்தை மறக்காம டிக் பண்ணுங்க, பேக்கப் மேல ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. புது டிரைவ் மாதிரி வந்து நிக்கும். எழுத்து வரலன்னா ரைட் கிளிக் பண்ணி ஒரு டிரைவ் எழுத்து கொடுங்க.

பாளை டிடிபி | 11.08
மக லேப்டாப்ல போட்டேன், எஃப் டிரைவா வந்துட்டு. யூசர்ஸ்குள்ள என் பேர் ஃபோல்டரைத் திறந்தா அனுமதி இல்லைங்கு. கன்டினியூ கொடுத்தாலும் அதேதான்.

முறப்பநாடு | 11.15
ரீட் ஒன்லியா மாட்டினா அப்படித்தான் சொல்லும். கன்டினியூ கொடுத்தா விண்டோஸ் அந்த ஃபோல்டர்ல உங்க பேருக்கு அனுமதி எழுதப் பாக்கும், எழுத வழியில்லல்லா. அதுக்காக ரீட் ஒன்லியை எடுத்துராதீங்க. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினா திறந்து ரோபோகாப்பி (விண்டோஸோட காப்பி கட்டளை) போடுங்க. முதல்ல எங்க இருந்து, அடுத்து எங்க, அப்புறம் இந்தக் குறிகள்:

/எஸ் – உள் ஃபோல்டரும் சேர்த்து
/பி – பேக்கப் உரிமையில படிக்கும், அனுமதித் தடை தாண்டிரும்
/எக்ஸ்ஜே – வேற ஃபோல்டருக்குக் கைகாட்டுத போலி ஃபோல்டரை விட்டுரும், இது இல்லாட்டி ஒரே ஃபோல்டருக்குள்ள சுத்திச் சுத்தி வந்து டிஸ்க்கை நிரப்பிரும்
/ஆர்:1 /டபிள்யூ:1 – இதைப் போடாம விட்டா படிக்க முடியாத ஃபைலை பத்து லட்சம் தடவை, தடவைக்கு முப்பது வினாடி காத்துக் காத்து முயற்சி பண்ணும். விடிஞ்சாலும் முடியாது.

எழுத்தையும் எண்ணையும் கீபோர்டுல இங்கிலீஷ்ல அடிங்க. இடைவெளி இருக்க ஃபோல்டர் பேரை ரெட்டை மேற்கோளுக்குள்ள போடுங்க.

அச்சுக்கோர்ப்பு | 11.21
ஃபைல் மட்டும் எடுத்தா பத்தாது. என்ன எழுத்துரு, எதுல அடிச்சது?

பாளை டிடிபி | 11.24
பேஜ்மேக்கர், பாமினி. தலைப்புக்கு வேற ரெண்டு மூணு எழுத்துரு உண்டு.

அச்சுக்கோர்ப்பு | 11.33
பாமினி இங்கிலீஷ் எழுத்து இடத்துல தமிழ் வடிவத்தை வச்சது. அப்போ எழுத்துருவையும் சேர்த்து எடுங்க, இல்லாட்டி திறந்ததும் "சாமக்கொடை" இருக்க இடத்துல இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாத்தான் நிக்கும். ரெண்டு இடத்துல தேடணும். ஒண்ணு எஃப் டிரைவ்ல விண்டோஸுக்குள்ள ஃபான்ட்ஸ். இதை மவுஸால திறக்காதீங்க. அந்த ஃபோல்டர் விசேஷமானது, லேப்டாப்ல ஏற்கெனவே இருக்க எழுத்துருவைக் காட்டி "பாமினி இல்லையே"ன்னு நினைக்க வச்சிரும். ரோபோகாப்பிலயே எடுங்க. ரெண்டாவது, விண்டோஸ் 10-ல 1809 பதிப்புக்கு அப்புறம் "எல்லாருக்கும்"னு சொல்லாம இன்ஸ்டால் பண்ணின எழுத்துரு உங்க யூசர் ஃபோல்டருக்குள்ள ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ்னு ஒளிஞ்சு கிடக்கும். தலைப்பு எழுத்துரு பெரும்பாலும் அங்கனதான் இருக்கும்.

யூனிகோடன் | 11.40
இன்னுமா பாமினி? 2010-லயே தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தமிழ் எழுத்துக் குறியீட்டுத் தரமா அறிவிச்சாச்சு. யூனிகோடுல இருந்திருந்தா எந்த லேப்டாப்ல திறந்தாலும் தமிழ் தமிழாவே தெரியும், இந்த எழுத்துரு வேட்டையே வேண்டாம்.

அச்சுக்கோர்ப்பு | 11.44
பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அரசாணை போட்டா அது கத்துக்கிடுமா?

யூனிகோடன் | 11.48
பேஜ்மேக்கரை விடுங்க, இன்டிசைன் எதுக்கு இருக்கு?

அச்சுக்கோர்ப்பு | 11.55
இருக்கு. அதுல இந்திய எழுத்தை அடுக்குத வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்கலன்னா கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்கும், "கொடை"யே கோணிக்கிட்டு வரும். அதைப் பாத்துப் போட்டா அருமையா வரும், நான் மறுக்கல. ஆனா பழைய வரிப் பட்டியல் முழுக்க பாமினி. மாத்திக் கொடுக்க கன்வெர்ட்டர் உண்டு, நடுவுல இங்கிலீஷ்ல இனிஷியலோ பட்டமோ கிடந்தா அதையும் தமிழ்னு நினைச்சுக் குழப்பிரும். வரி கொடுத்தவர் பேர்ல ஒரு எழுத்து பிசகினா கொடை முடியுத வரைக்கும் கடை வாசல்ல வந்து நிப்பாரு.

வயர்மேன் | 11.58
கோரல்ல எழுத்தைக் கர்வ்ஸ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கி வச்சிட்டா எழுத்துருவே தேவையில்லையே.

அச்சுக்கோர்ப்பு | நள்ளிரவு 12.02
பிரஸ்ஸுக்கு அனுப்புத காப்பிக்கு அது சரி. அதையே மூலமா வச்சா அடுத்த வருசம் ஒரு பேரைக்கூட மாத்த முடியாது, எல்லாம் படமாயிருக்கும். ரெண்டு காப்பி வைக்கணும்.

யூனிகோடன் | 12.06
அதைத்தான் சொல்லுதேன், மூலம் யூனிகோடுல இருக்கணும்.

முறப்பநாடு | 12.09
சவத்தை விடுங்கப்பா. அவரு ஃபைல் எடுத்தாரான்னே தெரியல.

அம்பை ஐடி | 12.20
480-லயே ஏத்தணும்னா ஒரு வழி இருக்கு, ஆனா இன்னைக்கு ராத்திரி வேலை இல்ல. மாட்டின எஃப் டிரைவை டிஸ்ம் கட்டளையில கேப்சர் இமேஜ் கொடுத்து ஒரு விம் ஃபைலா எடுங்க. அது உள்ள இருக்க ஃபைலை மட்டும்தான் எடுக்கும், பார்ட்டிஷன் அளவைத் தூக்கிட்டு வராது. அப்புறம் பென் டிரைவ்ல பூட் பண்ணி, ஷிஃப்ட் எஃப்10-ல கமாண்ட் திறந்து, டிஸ்க்கைப் பிரிக்குத டிஸ்க்பார்ட்ல எஸ்எஸ்டியை ஜிபிடி (புது பிரிவு முறை) ஆக்கி, 260 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷன், 16 எம்பி எம்எஸ்ஆர் (விண்டோஸுக்கு ஒதுக்குத இடம்), மிச்சம் என்டிஎஃப்எஸ். அதுல அப்ளை இமேஜ். கடைசியா பிசிடிபூட் (பூட் ஃபைல் எழுதுத கட்டளை) கொடுத்தாத்தான் பூட் ஆகும், அதை விட்டுட்டுத்தான் பாதிப் பேர் கருப்புத் திரையைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. இது யூஇஎஃப்ஐ மெஷினுக்கு. பழைய பயாஸ்னா எம்பிஆர்ங்கிற பழைய பிரிவு முறை, அது வேற மாதிரி.

ஜங்ஷன் சர்வீஸ் | 12.26
அதுல ஒண்ணு சேர்த்துக்கிடுங்க. டிஸ்க்பார்ட்ல டிஸ்க்கைத் துடைக்குத க்ளீன் கொடுக்கதுக்கு முன்னால வெளி ஹார்டு டிஸ்க்கைக் கையால உருவிருங்க. டிஸ்க் நம்பர் ஒவ்வொரு பூட்டுக்கும் மாறலாம், போன தடவை 1-ஆ இருந்தது இந்தத் தடவை 0-ஆ வரலாம். க்ளீன் "நிச்சயமா?"ன்னு கேக்காது. லிஸ்ட் டிஸ்க்ல 447-ன்னு இருக்கது மட்டும்தான் தெரியணும், பென் டிரைவைத் தவிர. விம் ஃபைலை வேற டிஸ்க்ல வச்சு அப்புறமாச் செருகுங்க.

டிஸ்க்கை நகலெடுக்குத க்ளோன்சில்லாவை யாராவது சொல்லுமுன்னால நானே சொல்லிருதேன். அதுவும் பெருசுல இருந்து சின்னதுக்கு லேசுல ஒத்துக்காது.

பாளை டிடிபி | காலை 6.50
ரோபோகாப்பில எல்லாம் வந்துட்டு. எழுத்துரு ரெண்டாவது இடத்துலதான் இருந்துச்சு. நோட்டீஸ் பிரஸ்ஸுக்குப் போயாச்சு. விண்டோஸ் அப்புறம் பாத்துக்கிடுதேன். நன்றி.

பிட்டும் பைட்டும் | 8.15
தீர்ந்ததுன்னா தலைப்புல "தீர்ந்தது"ன்னு போடணும். அதுவும் குறிப்புல இருக்கு.

ஏரல் 95 | 8.40
எனக்கும் இதே நம்பர்தான் வருது. ஆனா பழசும் புதுசும் ரெண்டும் 1 டிபி. என்ன செய்ய?

ஜங்ஷன் சர்வீஸ் | 8.52
தனி இழை போடுங்க. வெளி டிஸ்க்கைத் தவிர வேற எதெல்லாம் செருகியிருக்கு, டிஸ்க்பார்ட்ல லிஸ்ட் டிஸ்க் என்ன காட்டுது, ரீஸ்டோர் பக்கத்துல "எக்ஸ்க்ளூட் டிஸ்க்ஸ்"ல புதுசுக்கு டிக் விழுந்திருக்கான்னு பாத்து எழுதுங்க.