வெளிர் மஞ்சள் கவுன், கொஞ்சம் யோசனை சொல்லுங்க

நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கோம். பொண்ணு பன்னிரண்டாவது, ஜூன் முதல் வாரம் ப்ராம், அதான் ஸ்கூல் முடிக்கிறப்ப வைக்கிற டான்ஸ் பார்ட்டி. கூட்டாளிங்க எல்லாம் கறுப்பு, நேவி ப்ளூ. இவளுக்கு மட்டும் வெளிர் மஞ்சள்தான் வேணுமாம். அடிச்ச மஞ்சள் இல்ல, வெண்ணெய் நிறம்.

அவ நல்ல மாநிறம். எலுமிச்சைப் பக்கம் சாய்ஞ்ச ஷிஃபான் போட்டப்ப மூணு நாள் காய்ச்சல்ல கிடந்த முகம் மாதிரி இருந்துச்சு. லேசா சந்தனம் கலந்த சாட்டின்ல அதே முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு. அதையே வாங்கிட்டோம். வீட்டுக்கு வந்து ஃபிளாஷ் போட்டு ஃபோட்டோ எடுத்தா வெள்ளையா விழுது! "கல்யாணப் பொண்ணா?"ன்னு அவ அப்பா கேட்டுத் தொலைச்சார். அன்னைலேருந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா.

இன்னொண்ணு, கழுத்துப் பக்கம் வலைத்துணி. ஸ்கின் கலராம், யாரோட ஸ்கின்னோ! இவமேல வெளிறிப்போய்த் தனியா தெரியுது. அதைப் பிரிச்சு காபி நிறத்துல வச்சுத் தைக்கத் தெரிஞ்ச டைலர் ஓக் ட்ரீ ரோடு பக்கம் இருக்காங்களா? ஹீல்ஸ் வாங்கின பிறகுதான் கீழ் மடிப்புக்கு அளவெடுக்கணும், அதனால அவசரம்.

நகை விஷயத்துல தினம் சண்டை. எங்கம்மாவோட பழைய தங்க ஜிமிக்கி போதும்கறேன் நான். அவ வெள்ளைக்கல் தோடுதான்கறா. மணிக்கட்டுப் பூவுக்கு வெள்ளை ரோஜாவா, இளம் ஊதாவா? கூட வர்ற பையன் அதுக்கு மேட்ச்சா டை வாங்கக் காத்திருக்கான்.

மேல துப்பட்டா போடச் சொல்லி மட்டும் யாரும் எழுதாதீங்க. மாமியார் ஏற்கெனவே சொல்லியாச்சு.